இலண்டன் மாநகரின் கடைப்பலகைகளும் 1762ஆம் ஆண்டுச் சட்டமும்

வணிகத்தின் வரலாற்றை ஆராய்வோர் பண்டங்களையும் விலைகளையும் கப்பற் பாதைகளையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். கடையின் வாயிலில் தொங்கிய பலகையைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. பழைய நகரங்களின் வேடிக்கைப் பொருள்களுள் ஒன்றாகவே அது பெரும்பாலும் நோக்கப்பட்டு வந்துள்ளது. ஆயின் கடைப்பலகை எவ்வாறு அமையவேண்டும் என நகரத்தின் ஆட்சியாளர் விதி செய்யும்போது வீதியின் ஒழுங்கோடு வேறு பலவும் அவ்விதிக்குள் அடங்கிவிடுகின்றன. எவருடைய கடை கண்ணிற்படும், எவருடையது மறையும். எக்கைத்தொழில் தழைக்கும், எது நலியும். எழுத்தறியாதவன் தனக்கு வேண்டிய கடையை எவ்வாறு கண்டடைவான் என்பனவெல்லாம் அவ்விதியாற் பாதிக்கப்படுகின்றன. இவ்வுண்மையை இலண்டன் நகரின் பதினெட்டாம் நூற்றாண்டு அனுபவத்தைப் போலத் தெளிவாகக் காட்டும் வரலாறு அரிது. அங்கு கடைப்பலகைகளுக்கு நேர்ந்தது யாது, அதனால் வணிகர் அடைந்த பயன் யாது, பலகை செய்வோர் அடைந்த இழப்பு யாது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

பலகையை இறக்குமாறு பிற்காலத்தில் ஆணையிட்ட அதே அதிகாரம் முற்காலத்தில் அதனை ஏற்றுமாறு வற்புறுத்தியது என்பதை முதலிற் கருத்திற்கொள்ளல் வேண்டும். இடைக்கால ஆங்கிலப் பட்டினங்களில் ஏல் எனப்படும் வாற்கோதுமை மதுவைக் காய்ச்சி விற்போர் தம் வாயிலில் ஒரு கம்பை நீட்டி அதன் நுனியிற் குழையையோ வேறோர் அடையாளத்தையோ கட்டவேண்டியிருந்தது. மதுவின் தரத்தையும் அளவையும் சோதிக்கும் அலுவலருக்கு அக்கம்பே அறிவித்தலாகும். அறிவித்தலாகப் பிறந்த கம்பு விரைவில் விளம்பரமாயிற்று. அயலானின் கம்பிலும் தன் கம்பு நீளமாயிருத்தல் வேண்டுமென ஒவ்வொருவனும் விரும்பினான். ஆதலின் 1375இல் இலண்டன் நகரத்தார், தவறணைக் கம்பு அரச வீதியின் மேல் ஏழடிக்கு மேல் நீளலாகாதென்றும் மீறுவோர் 40 பென்சு தண்டம் இறுக்க வேண்டுமென்றும் விதித்தனர். குதிரையிற் செல்வோருக்கு இடையூறு, பாரம் தாங்காது வீடுகளுக்குச் சேதம் என்பன அப்போது கூறப்பட்ட காரணங்கள். ஏறத்தாழ நானூறு ஆண்டுகளின் பின் கூறப்பட்ட காரணங்களும் இவற்றினின்று அதிகம் வேறுபட்டனவல்ல.

தவறணைக்காரரைப் பின்பற்றி ஏனைய வணிகரும் பலகை தொங்கவிடலாயினர். முதலாம் சாள்ஸ் மன்னன் இலண்டன் நகரத்தாருக்கு வழங்கிய பட்டயமொன்று, தம் இருப்பிடத்தைப் பிறர் எளிதிற் கண்டுகொள்ளும் பொருட்டு வீதிகளின் மேலும் ஒழுங்கைகளின் மேலும் பலகை தொங்கவிடும் உரிமையை அவர்களுக்கு வெளிப்படையாகவே அளித்தது. அக்காலத்தில் வீடுகளுக்கு இலக்கம் இல்லை. ஒரு கடையின் முகவரி என்பது வீதியின் பெயரும் பலகையின் பெயருமேயாம். 1672இல் வங்கித்தொழில் தொடங்கிய ஹோர் குடும்பத்தார் தங்கப் போத்தல் என்னும் அடையாளத்தின்கீழ் இருந்தனர். தோமஸ் ட்வைனிங் 1717இல் ஸ்ட்ராண்ட் வீதியில் திறந்த தேயிலைக் கடை தங்கச் சிங்கம் எனப்பட்டது. சீனிக்கூம்பு பலசரக்குக் கடையையும், உரலும் உலக்கையும் மருந்துக் கடையையும், மூன்று பொற்குண்டுகள் அடகு பிடிப்போரையும், சுற்றிவரக் கோடிட்ட கம்பம் நாவிதரையும் உணர்த்தின.

எனினும் பண்டத்திற்கும் படத்திற்கும் எப்போதும் இவ்வாறான பொருத்தம் இருந்ததில்லை. தொழில் பயின்ற இளைஞன் தனிக்கடை வைக்கும்போது தன் ஆசானின் அடையாளத்தையும் தன் அடையாளத்தையும் ஒரே பலகையில் இணைத்துக்கொண்டான். கடை கைமாறியபோது பழைய பலகையோடு புதியது சேர்ந்தது. இவ்வாறு ஒன்றோடொன்று ஒட்டாத உருவங்கள் நகரெங்கும் தொங்கின. 1711இல் ஸ்பெக்டேற்றர் இதழில் அடிசன் இதனை எள்ளி நகையாடி, பலகைகளைத் திருத்துவதற்கென ஓர் அதிகாரி நியமிக்கப்படல் வேண்டுமென வேடிக்கையாக முன்மொழிந்த கட்டுரை யாவரும் அறிந்ததே. கற்றோரின் இந்நகைப்பிலும் ஒரு குறையுண்டு. நகரத்தின் முட்டாள்தனமாக அவர் கண்டது வணிகரின் கண்ணுக்கு முதலாகத் தோன்றிற்று. நரியும் ஏழு விண்மீன்களும் ஒரே பலகையில் இருப்பது கவிஞனுக்குப் பொருந்தாமை. இரு கடைகளின் வாடிக்கையாளரை ஒருங்கே பெற்ற வணிகனுக்கு அது சொத்து.

இச்சொத்தை உருவாக்கியோர் யாவர்? புளீற் வீதிக்கு வடக்கே, ஷூ ஒழுங்கையை அடுத்துள்ள ஹார்ப் ஒழுங்கையே பலகைத் தொழிலின் மையமாக விளங்கியது. ஆயத்தமாகச் செய்து வைக்கப்பட்ட பலகைகளை அங்கு கடைகளிலே வாங்கலாம். சிவப்புச் சிங்கமோ நீலப் பன்றியோ வேண்டுவோர் ஓவியனைத் தேடி அலையவேண்டியதில்லை; கைக்கெட்டும் விலையில் ஒன்றைத் தெரிந்தெடுத்துச் செல்லலாம். ஒரு பலகையிற் பலரது உழைப்பு அடங்கியிருந்தது. தச்சர் பலகையையும் சட்டத்தையும் செய்தனர். மரச்செதுக்குநர் உருவங்களைச் செதுக்கினர். ஓவியர் வண்ணமும் பொற்றகடும் இட்டனர். கொல்லர் அதனைத் தாங்கும் இரும்புக் கரத்தைப் பூவேலைப்பாட்டுடன் வடித்தனர். இரும்புக் கரத்தின் விலை சிலவேளை பலகையின் விலையிலும் மிகுந்ததாயிருக்கும். செல்வர் இதில் எவ்வளவு பணத்தைச் செலவிடத் தயங்கவில்லை என்பதற்கு நாட்டுப்புறத்தினின்றும் ஓர் உதாரணம் காட்டலாம். நோபோக் பகுதியிலுள்ள ஸ்கோல் என்னும் ஊரின் வெண்கலைமான் விடுதிக்கு நொறிச் நகர வணிகர் ஒருவர் 1655இல் அமைத்த அடையாளம் வீதியின் குறுக்கே வளைவாக எழுந்து, பல செதுக்குருவங்களைத் தாங்கி நின்றது. அதற்கான செலவு 1057 பவுண் எனப்படுகின்றது.

இத்தொழிலைத் தாழ்ந்த கைவினை என ஒதுக்குதல் தவறாகும். 1768இல் அரச கலைக் கழகம் நிறுவப்பட்டபோது அதன் முதல் உறுப்பினருள் ஒருவராயிருந்த சாள்ஸ் கற்றன் குதிரை வண்டிகளுக்கும் கடைப்பலகைகளுக்கும் வண்ணந்தீட்டிப் பெயர்பெற்றவர். அவருடன் உறுப்பினராயிருந்த சாமுவேல் வேலும் பலகை தீட்டியவரே. ஓவியக் கலைக்கூடங்களோ பொதுக் காட்சிகளோ இல்லாத காலத்தில் வறிய மக்கள் நாள்தோறும் காணக்கூடிய ஓவியம் வீதியிலே தொங்கிய பலகை ஒன்றேயாம்.

பலகைகளால் இடர் விளையவில்லை எனக் கூறுதல் இயலாது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டனைக் கண்ட பிரெஞ்சு நாட்டவரான மிசோன், வீதியின் நடுப்பகுதி வரை நீண்டு தொங்கிய பெரும் பலகைகளைக் கண்டு வியந்து எழுதினார். ஒடுங்கிய வீதிகளில் அவை காற்றையும் ஒளியையும் மறித்தன. காற்று வீசும் இரவுகளில் இரும்புக் கொளுவிகள் கிறீச்சிட்டன. மழைநீர் அவற்றினின்று வழிப்போக்கர் மேல் வழிந்தது. 1718இல் புளீற் வீதிக்கு அண்மையிலுள்ள பிறைட் ஒழுங்கையிற் பாரமான பலகையொன்று கட்டடத்தின் முகப்பையும் இழுத்துக்கொண்டு விழுந்ததில் நால்வர் மாண்டனர்.

சட்டம் ஏலவே இருந்தது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீயின் பின் இயற்றப்பட்ட மீள்கட்டுமானச் சட்டம், பலகைகள் வீதியின் குறுக்கே தொங்கலாகாதென்றும் மேன்மாடங்களிலோ சுவரிலோ பொருத்தப்படல் வேண்டுமென்றும் கூறிற்று. சிலர் தம் புதிய செங்கற் சுவர்களிற் கல்லிற் செதுக்கிய அடையாளங்களைப் பதித்தனர். பெரும்பாலோர் முன்போலவே தொங்கவிட்டனர். இதற்குக் காரணம் வணிகரின் பிடிவாதம் மட்டுமன்று. தன் பலகையைச் சுவரோடு ஒட்டவைத்தவனின் கடை, அயலான் தன் பலகையை வெளியே நீட்டியவுடன் மறைந்துவிடும். எல்லோரும் ஒருங்கே இறக்கினால் எவருக்கும் நட்டமில்லை. முதலில் இறக்குபவனுக்கு மட்டுமே நட்டம். இத்தகைய போட்டியை முடிவுக்குக் கொண்டுவரத் தண்டம் விதிக்கும் ஏடு போதாது. ஏணியும் சுத்தியலும் கொண்டு ஒரே வாரத்தில் வீதி முழுவதையும் வெறுமையாக்கக்கூடிய ஓர் அமைப்பு வேண்டும். 1667இல் அவ்வமைப்பு இருக்கவில்லை.

அவ்வமைப்பு பலகைகளின் பொருட்டுத் தோன்றவில்லை என்பதே இவ்வரலாற்றின் நுட்பமான பகுதி. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இலண்டனில் ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் வாயிலின் முன்னுள்ள வீதியைத் தானே பேணவேண்டியிருந்தது. ஒருவன் கல் பதிப்பான், அடுத்தவன் கூழாங்கல்லைக் கொட்டுவான், மூன்றாமவன் ஒன்றும் செய்யான். வெஸ்ற்மின்ஸ்ரரின் வீதிகளை ஒரே திட்டத்தின்கீழ்ச் சீர்செய்ய வேண்டுமென 1754இல் ஜோன் ஸ்பிராங்கர் எழுதினார். யோனாஸ் ஹான்வேயும் அவ்வாண்டில் அதனை ஆதரித்து எழுதினார். எட்டாண்டுகளின் பின், 1762இல், பாராளுமன்றம் வெஸ்ற்மின்ஸ்ரர் வீதியமைப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு முந்திய ஆண்டிலே பாரிஸ் நகரின் காவற்றலைவர் சார்த்தீன் தொங்குபலகைகள் யாவற்றையும் சுவரோடு பொருத்துமாறு கட்டளையிட்டிருந்தார். பாரிஸில் ஓர் அதிகாரியின் கட்டளை செய்ததை இலண்டனிற் பாராளுமன்றமும் ஆணையாளரும் வரியும் சேர்ந்து செய்தன.

சட்டப்படி நியமனம் பெற்ற ஆணையாளர் வீதிகளைத் தம் பொறுப்பில் ஏற்றனர். வண்டிப் பாதைக்கு ஸ்கொத்லாந்துக் கருங்கல்லும் நடைபாதைக்குப் பேர்பெக் தட்டைக் கல்லும் பதிக்கப்பட்டன. கூரைப் பீலிகள் வீதியின் மேல் நீரைக் கொட்டாதவாறு மாற்றப்பட்டன. விளக்குகள் கூடின. இவற்றுக்கெல்லாம், எமது நகரசபைகள் அறவிடும் சோலைவரியை ஒத்த வரி வீட்டுக்காரரிடமிருந்து பெறப்பட்டது. தொழிலைக் குறிக்கும் பலகைகளையும் அவற்றைத் தாங்கும் கம்பங்களையும் அகற்றவும், இனி வைக்கப்படுவன சுவரோடு தட்டையாகப் பொருத்தப்படுவதை உறுதிசெய்யவும் அதே ஆணையாளருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டது. 1766இல் இலண்டன் மாநகரத்துக்கென வேறொரு சட்டம் வந்தது. ஏனைய பங்குகளும் அடுத்தடுத்துப் பின்பற்றின. வீட்டிலக்கங்கள் பரவியதும் அப்பத்தாண்டிலேதான். பலகையை அகற்றும் விதி ஒரு பெருந்திட்டத்தின் சிறு உறுப்பாக வந்தமையாலேயே நிறைவேறியது. கற்பாதையை விரும்பிய வணிகன் பலகையை இழக்கவும் உடன்பட்டான் என்பது என் கருத்து.

அவ்வாண்டு ஏப்ரல் மாதம் 22ஆம் திகதி, கொவன்ற் தோட்டத்தை அடுத்த போ வீதியில் விசித்திரமான காட்சியொன்று திறக்கப்பட்டது. எழுத்தாளர் பொனெல் தோர்ன்ரன் ஓவியர் ஹோகாத்தின் துணையுடன் பழைய கடைப்பலகைகளைச் சேகரித்து, பலகை ஓவியர் சங்கத்தின் காட்சி என்ற பெயரில் மக்கள் முன் வைத்தார். அக்காலத்திற் புதிதாகத் தொடங்கிய ஓவியக் காட்சிகளின் பகட்டை நையாண்டி செய்வதே அவரது நோக்கம். பத்திரிகைகள் சில சினந்தன. மக்கள் வந்து சிரித்தனர். எனினும் பலகைகள் வீதியினின்றும் இறக்கப்படவிருந்த அதே ஆண்டில் அவை அறைக்குள்ளே ஓவியமாக மாட்டப்பட்டன என்பது வெறும் நையாண்டியாக எனக்குத் தோன்றவில்லை. பயன்பாட்டிலிருந்து நீங்கும் பொருளே பார்வைப் பொருளாகின்றது.

வணிகருக்கு நேர்ந்தது யாது? பெருங்கடைக்காரர் விரைவிலேயே மாற்றுவழி கண்டனர். முன்பு மேலே தொங்கிய விளம்பரம் இப்போது கண்ணாடிச் சாளரத்துள் இறங்கியது. கடையின் முகப்பை வெளியே வளைத்துக் கட்டிப் பண்டங்களை அடுக்கும் வழக்கம் ஓங்கியது. அதுவும் அளவு மீறியபோது 1774ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டம், அகன்ற வீதிகளிற்கூடக் கடைச் சாளரம் 10 அங்குலத்துக்கு மேல் வெளியே நீளலாகாதென வரையறுத்தது. ஏழடிக் கம்பிலிருந்து பத்தங்குலச் சாளரம் வரை அதே போட்டியும் அதே விதியுமே தொடர்ந்து வருவதைக் காணலாம். 1786இல் இலண்டன் வந்த ஜேர்மன் எழுத்தாளர் சோபி வொன் லா றோஷ் ஒக்ஸ்போட் வீதியின் ஒளிவீசும் கடைச் சாளரங்களைப் புகழ்ந்து எழுதியுள்ளார். அவர் வந்ததற்கு அடுத்த ஆண்டில், ட்வைனிங் குடும்பத்தின் தேயிலைக் கடைக்குப் புதிய வாயில் அமைக்கப்பட்டது. தங்கச் சிங்கம் வாயிலின் மேற் சிலையாகப் படுத்துக்கொண்டது. அதன் கீழே குடும்பப் பெயர் பெரிய எழுத்திற் பொறிக்கப்பட்டது. இன்றும் அக்கம்பனி அவ்வெழுத்து வடிவத்தையே தன் அடையாளமாகக் கொண்டுள்ளது. படம் ஒதுங்கி எழுத்து முன்வந்த மாற்றத்தை இவ்வொரு வாயிலே காட்டிவிடுகின்றது.

வியாபார அட்டைகளிலும் இம்மாற்றத்தைக் காணலாம். 1760களிலும் 1770களிலும் அச்சான பல அட்டைகள் பழைய அடையாளத்தின் படத்தையும் புதிய இலக்கத்தையும் ஒருங்கே தாங்குகின்றன. பலகை வீதியிலிருந்து இறங்கியபின்னும் காகிதத்திற் சில காலம் தொங்கிக்கொண்டிருந்தது. இதனால் அச்சகத்தாரும் செப்புத்தகட்டிற் செதுக்குவோரும் பயனடைந்தனர்.

ஒழுங்கைகளிலும் முற்றங்களிலும் இருந்த சிறு கடைக்காரரின் நிலை வேறு. அகன்ற முகப்புக் கட்டவும் கண்ணாடி பதிக்கவும் அட்டை அச்சிடவும் பணம் வேண்டும். தொங்குபலகையோ குறுகிய முகப்புடையவனையும் தொலைவிலிருந்து காட்டக்கூடியது. முகப்பின் அகலம் எவ்வளவாயினும் அது வீதியை நோக்கியே நிற்கும். சுவரோடு ஒட்டிய பலகை முகப்பின் அகலத்துக்கே அடங்கவேண்டும். ஆகவே எல்லோருக்கும் சமமாக எழுதப்பட்ட விதி, அகன்ற முகப்புடையோருக்கு வாய்ப்பாக முடிந்ததெனக் கருத இடமுண்டு.

எழுத்தறியாதோரைப் பற்றியும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். 1754 முதல் இங்கிலாந்தின் திருமணப் பதிவேடுகளில் மணமக்கள் கையொப்பமிட வேண்டியிருந்தமையால், அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆடவரில் ஏறத்தாழ 60 வீதத்தினரும் பெண்டிரில் ஏறத்தாழ 40 வீதத்தினருமே தம் பெயரை எழுதினர் என ஆய்வாளர் கணித்துள்ளனர். இலண்டனில் இவ்வளவு உயர்ந்திருக்கலாம். ஆயினும் நாட்டுப்புறத்திலிருந்து வந்த வேலைக்காரப் பெண்ணுக்குத் தங்கச் சிங்கம் என்று சொல்லியனுப்புவதும் இத்தனையாம் இலக்கம் என்று சொல்லியனுப்புவதும் ஒன்றல்ல. படத்தை நீக்கி எண்ணை வைத்த சட்டம் வாசிக்கத் தெரிந்தவனையே நகரத்தின் இயல்பான குடிமகனாகக் கொண்டுவிட்டது. தவறணைகள் தம் அடையாளங்களையும் பெயர்களையும் கைவிடவில்லை. பலகை சுவருக்கு நகர்ந்ததேயன்றி மறையவில்லை. அடகுக் கடையின் குண்டுகளும் நாவிதரின் கம்பமும் அவ்வாறே எஞ்சின. எளிய மக்கள் நாடிச் செல்லும் இடங்களிலேயே படம் நிலைத்தது என்பது தற்செயலன்று.

இனிப் பலகைத் தொழிலைக் கவனிப்போம். சாமுவேல் வேல் ட்ரூறி ஒழுங்கையை அடுத்த தவறணையொன்றுக்கு ஷேக்ஸ்பியரின் முழு உருவத்தைத் தீட்டியிருந்தார். செதுக்கிப் பொன்பூசிய சட்டமும் உயர்ந்த இரும்பு வேலைப்பாடும் அதனைத் தாங்கின. அது தொங்கியது சில காலமே. சட்டம் வந்ததும் இறக்கப்பட்டு, அற்ப விலைக்குப் பழம்பொருள் வணிகர் ஒருவருக்கு விற்கப்பட்டது. அவர் கடை வாயிலிற் சில ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் நின்று அழிந்ததாக, 1808இல் வெளிவந்த ஓவியர் வரலாற்று நூலில் எட்வேட் எட்வேட்ஸ் பதிவு செய்துள்ளார். அரச கலைக் கழக உறுப்பினரின் படைப்புக்கே இக்கதியாயின் ஹார்ப் ஒழுங்கையில் ஆயத்தமாக அடுக்கப்பட்டிருந்த சிங்கங்களுக்கும் பன்றிகளுக்கும் நேர்ந்ததை ஊகித்துக்கொள்ளலாம். வீதி வீதியாகப் பலகைகள் இறக்கப்பட்ட ஆண்டுகளிற் பழைய பலகைகள் சந்தையிற் குவிந்தன, புதியவற்றை வாங்குவாரில்லை.

கைவினைஞர் யாவரும் ஒரே வகையிற் பாதிக்கப்படவில்லை. திறமைமிக்க ஓவியர் குதிரை வண்டிகளின் கதவுகளிற் குடும்பச் சின்னங்களைத் தீட்டும் தொழிலைத் தொடர்ந்தனர். நடுத்தர ஓவியர் எழுத்து வரைவோராயினர். கடைமுகப்பிற் பொன்னெழுத்துத் தீட்டுதல் தனித்தொழிலாக வளர்ந்து அடுத்த நூற்றாண்டிற் பெருஞ்சிறப்பு எய்திற்று. கொல்லனுக்கு வேலிக் கம்பிகளும் விளக்குத் தாங்கிகளும் இருந்தன. மாற்றிடம் அற்றவர் அடையாள உருவங்களையே செதுக்கி வாழ்ந்த மரச்செதுக்குநராவர். தனியொரு பண்டத்தை நம்பிய கைவினைஞனுக்குச் சட்டம் எப்போதும் திடீரெனவே வருகின்றது. வணிகன் பலகைக்குப் பதிலாகச் சாளரத்தை வாங்கினான். சாளரத்தைச் செய்வோன் வேறொருவன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கதையை விரித்துரைக்க வேண்டியதில்லை. விளம்பரம் சுவரொட்டியாக மாறிச் சுவர்களை மூடியது; 1839ஆம் ஆண்டின் பெருநகரப் பொலிஸ் சட்டம் உரிமையாளரின் சம்மதமின்றி ஒட்டுதலைத் தடுத்தது. விளம்பரம் வண்டியேறி வீதியில் ஓடியது. 1853ஆம் ஆண்டுச் சட்டமொன்று விளம்பர வண்டிகளைத் தடுத்தது. விளம்பரம் கூரைக்கு மேல் ஏறி வானத்தை மறைத்தது; 1891இல் அதற்கெனவே ஒரு சட்டம் பிறந்தது. இறுதியில் 1907ஆம் ஆண்டின் விளம்பர ஒழுங்குச் சட்டம், 12 அடிக்கு மேல் உயர்ந்த விளம்பரத் தட்டிகளை உபவிதிகளால் ஒழுங்குசெய்யும் அதிகாரத்தை உள்ளூராட்சி மன்றங்களுக்கு வழங்கியது. இலங்கையின் உள்ளூராட்சி மன்றங்கள் உபவிதியின்கீழ் விளம்பரப் பலகைக்கு அனுமதி வழங்கிக் கட்டணம் அறவிடும் முறையும் இவ்வாங்கில மரபின் வழிவந்ததே. அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்தும் கடைக்காரர் பலர், அவ்வளவு என்பது 1375ஆம் ஆண்டின் ஏழடியிலிருந்து வந்த எண்ணம் என்பதை அறியார்.

1902இல் ஏழாம் எட்வேட் மன்னனின் முடிசூட்டு விழாவையொட்டி, இலண்டன் லொம்பாட் வீதியிலுள்ள வங்கிகள் தமது பழைய அடையாளங்களைப் புதிதாகச் செய்வித்து வீதியின் மேல் மீண்டும் தொங்கவிட்டன. தோமஸ் கிரஷாமின் வெட்டுக்கிளி 1563 என்ற ஆண்டைத் தாங்கி அவ்வீதியில் தொங்குகின்றது. பூனையும் பிடிலும் என்ற பலகையும் அங்குண்டு. அவற்றைப் பார்த்து வங்கியைத் தேடி வருவோர் எவருமில்லை. வாயிலில் இலக்கம் இருக்கின்றது.